பலகைத் தரை

ரவை சிவக்கக் கூடாது, மணக்க மட்டும் வேண்டும். ரவை மணப்பதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று அடுப்பைப் பற்றவைக்கும்போதே நினைத்துக்கொண்டேன். இப்போது மணம் வந்துவிட்டது, நான் இன்னும் கரண்டியை இழுத்துக்கொண்டுதான் நிற்கிறேன், இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம், அந்தப் பக்கமிருந்து இந்தப் பக்கம், சட்டியின் அடியில் கரண்டி கர்ர் கர்ரென்று உரசுகிறது, இந்தச் சத்தம் என் பிள்ளைக்குக் கேட்காது. அதைத்தான் சொல்ல வேண்டும். முகிலுக்குக் காது கேட்கவில்லை. மூன்றே வார்த்தை, ஒரு மூச்சுக்குக் கூட வராது. மணி ஏழாகப் பத்து நிமிஷம். மச்சான் ஏழரைக்கு மில்லுக்குக் கிளம்பிவிடுவார், கிளம்பிவிட்டால் திரும்பி வர சாயங்காலம் ஐந்தாகும், காது பார்க்கிற டாக்டர் இன்றைக்குப் பெரிய பள்ளிக்கூடத்துக்கு வருவது காலை பத்து மணிக்கு, பன்னிரண்டுக்குள் முடித்துக்கொண்டு போய்விடுவாராம். ஆகையால் ஏழரைக்குள். மணி பார்த்து என்ன, ரவையைப் பார், ஓரத்தில் நாலு மணி சிவந்துவிட்டது, தீயைக் குறைத்தேன். முன்னறையில் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே மச்சான் கத்துகிறார். "என்ன புள்ள, இன்னைக்கும் உப்புமாவா? மில்லு கேன்டீன்லயும் உப்புமா, வீட்லயும் உப்புமா. நான் செத்தா வாய்க்கரிசிக்குப் பதிலா ரவையத்தான் போடப்போறீங்க." அத்தை மூலையிலிருந்து, "காலங்காத்தால பேசுற பேச்சாடா இது, வாயக் கழுவு," என்கிறாள். இரண்டு பேருக்கும் கோபம் ஒன்றுமில்லை. மச்சான் பேசுவதே அப்படித்தான், பஞ்சாலையில் பதினோரு வருஷம், மெஷின் இரைச்சலில் நின்று நின்று அவருக்கே காது கொஞ்சம் மந்தம், தனக்குக் கேட்கிற அளவுக்குப் பேசினால் தெருவுக்கே கேட்கும். கல்யாணமான புதிதில் எதைச் சொன்னாலும் திட்டுகிறார் என்று நினைத்துச் சமையல்கட்டில் வந்து அழுவேன். அப்புறம் பழகிவிட்டது. எல்லாம் பழகிவிடுகிறது, அதுதான் பயமாக இருக்கிறது, இதுவும் பழகிவிடும், இன்னும் எட்டு மாசம் சொல்லாமல் இருக்கலாம், பிறகு எட்டு வருஷம். ரவையைத் தட்டில் கொட்டினேன். கொட்டின பிறகும் தட்டில் அது தானாகச் சிவந்துகொண்டே இருக்கும், சூடு உள்ளேயே இருக்கிறதல்லவா, கையால் பரப்பிவிட்டேன், விரல் சுட்டது. கடுகு வெடிக்கட்டும். கடுகு வெடித்ததும் சொல்லிவிடலாம்.

எண்ணெய் காய்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நிற்பதில் ஒரு நிம்மதி, ஒன்றும் செய்ய வேண்டாம், யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். பலகை இடுக்கு வழியாக வத்தல் நெடி ஏறிவருகிறது. கீழே மிளகாய் வத்தல் குடோன், மேலே நாங்கள், முதலாளி அந்தக் காலத்தில் மூட்டை அடுக்கக் கட்டின மச்சு, தரை முழுக்க மரப்பலகை. வாடகை குறைவு, அத்தை கீழேயே காம்பு கிள்ளுகிற வேலை செய்கிறாள், அதனால் இங்கே. யாராவது ஓரடி வைத்தால் வீடே லேசாக அதிரும். பூனை குதித்தால் தெரியும். இந்தப் பலகைதான் எங்களை ஏமாற்றியது. முகில் ஒரு வயசில், ஒன்றரை வயசில், யார் வந்தாலும் திரும்பிப் பார்ப்பான், மச்சான் படியேறி வரும்போதே தவழ்ந்து வாசலுக்குப் போய்விடுவான், பக்கத்து வீட்டு மாரீஸ்வரி அக்கா கூட, "என்ன காது பாரு, பாம்புக் காது," என்று நெட்டி முறித்தாள். நானும் சிரித்தேன். பிறகு போன ஆனியில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். அங்கே சிமெண்டுத் தரை. பிள்ளை நடுவீட்டில் ஒரு செருப்பை வைத்து விளையாடிக்கொண்டிருக்கிறான், நான் பின்பக்கமிருந்து முகிலு என்றேன். திரும்பவில்லை. விளையாட்டு மும்முரம் என்று நினைத்தேன். கிட்டே போய் முகிலு என்றேன். அம்மா உள்ளே பித்தளைக் குடத்தைத் தவறவிட்டாள், அது படியில் உருண்டு தெருவரைக்கும் டங்கு டங்கென்று போனது, எனக்கு நெஞ்சு நின்றுவிட்டது, பிள்ளை செருப்பின் வாரை இழுத்துக்கொண்டிருக்கிறான். கழுத்து ஒரு நூல் கூட அசையவில்லை. அந்தக் கழுத்தை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். மெலிந்த கழுத்து, பின்னால் ஒரு சுழி, வேர்வையில் ஒட்டின முடி. இப்போதும் அந்தக் கழுத்துதான் வருகிறது, கண்ணை மூடினால் முகம் வருவதில்லை, பின்கழுத்து வருகிறது. கடுகைப் போட்டேன். ஒன்று, அப்புறம் ஒன்று, அப்புறம் படபடவென்று எல்லாம். ஒன்று தெறித்து மணிக்கட்டில் ஒட்டியது. திரும்பிப் பார்த்தேன். அவன் என் முதுகுக்குப் பின்னால் நாலடி தள்ளி உட்கார்ந்து ஒரு டப்பா மூடியை உருட்டிக்கொண்டிருக்கிறான். வெடிக்கிற கடுகை எந்தப் பிள்ளையும் ஒரு தடவையாவது பார்க்கும். உளுத்தம்பருப்பு சிவந்துகொண்டிருந்தது, கறிவேப்பிலையை உருவிப் போட்டேன், சடசடவென்று ஒரு சத்தம், அதையும் நான் மட்டும் கேட்டேன்.

வெங்காயத்தை வதக்கும்போது சொல்ல வேண்டியதில்லை, கண் கலங்கியிருக்கும், அழுகிறாள் என்று நினைப்பார்கள். வெங்காயம் ஆகட்டும். ஊரிலிருந்து வந்ததும் சொல்லியிருக்க வேண்டும். அன்றைக்கு ராத்திரியே. சொல்ல வாய் எடுத்தேன், மச்சான் பிள்ளையைத் தூக்கிப் போட்டுப் பிடித்துக்கொண்டிருந்தார், "எலேய் முகிலு, உங்கம்மா வீட்ல ஆட்டுக்கால் போட்டாங்களா, கோழிக்கால் போட்டாங்களா," என்று கேட்டுக் கேட்டு, அவர் முகத்தைப் பார்த்து அவன் கெக்கலி கொட்டிச் சிரிக்கிறான், அந்தச் சிரிப்புக்கு நடுவில் எப்படிச் சொல்வது. நாளைக்கு என்று வைத்தேன். மறுநாள் மச்சான் சாப்பிட உட்கார்ந்த இடத்திலிருந்தே எலேய் என்று கூப்பிட்டார், அவன் திரும்பவில்லை, மறுபடி எலேய் என்றார், குரலில் ஒரு சின்ன வித்தியாசம், ஒரு சந்தேகம் மாதிரி, அந்தச் சந்தேகத்தை நான் தாங்கமாட்டேன் என்று தோன்றியது, என்னை அறியாமல் என் குதிகால் பலகையில் ஒரு தட்டு தட்டியது. அவன் திரும்பினான். அப்பாவைப் பார்த்தான், கை நீட்டினான், ஓடினான். மச்சான் சிரித்தார். அவ்வளவுதான், அன்றைக்கு ஆரம்பித்தது. எட்டு மாசம். இவர் கூப்பிடுவார், நான் அடுப்படியிலிருந்து தட்டுவேன், பாத்திரம் கழுவிக்கொண்டே தட்டுவேன், துணி மடித்துக்கொண்டே தட்டுவேன். எந்தப் பலகை எங்கே போகிறது என்று தெரியும், மூன்றாவது பலகையில் தட்டினால் ஜன்னல் பக்கம் இருக்கிறவனுக்குத் தெரியும், சுவரோரப் பலகையில் தட்டினால் தெரியாது. குதிகாலில் தோல் தடித்துவிட்டது. பேச்சு வரவில்லையே என்று அத்தையைப் பார்க்க வருகிறவர்கள் கேட்பார்கள், "அவங்கப்பன் மூணு வயசுலதான் வாயத் திறந்தான், இப்ப மூட முடியுதா," என்பாள் அத்தை. மச்சான், "அவங்கம்மா மாதிரிப் பிள்ள. அவ கல்யாணத்தன்னைக்கு யாரோ பேர் கேட்டதுக்கே அரை மணி நேரம் யோசிச்சா," என்பார், எல்லோரும் சிரிப்பார்கள். நானும் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பேன். ஏழாம் வகுப்பில் டீச்சர் கேள்வி கேட்டால் பதில் தெரிந்தும் எழுந்து நிற்கமாட்டேன், அந்தக் குறையைப் பிள்ளைமேல் போட்டால் போடட்டும், என் கூச்சம் அவனுக்கு ஒட்டிக்கொண்டது என்று இருக்கட்டும். அது எவ்வளவு வசதியாக இருந்தது. என்மேல் பழி விழ விழ நான் பத்திரமாக இருந்தேன்.

பச்சைமிளகாய் நாலு, இஞ்சி ஒரு துண்டு. வெங்காயம் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. அத்தை மூலையில் கால் நீட்டி உட்கார்ந்து நேற்று மிச்சமான வத்தலுக்குக் காம்பு கிள்ளுகிறாள், அவள் விரல் நுனி சிவந்து தடித்து ரப்பர் மாதிரி இருக்கும், எரியாதாம். அத்தை என்றால் மாமியார்தான், ஆனால் மாமியார் ஆவதற்கு முன்னாலேயே அத்தை, என் அப்பாவின் தங்கை. "என் அண்ணன் மக இருக்க வேற வீட்ல போய் எதுக்குப் பொண்ணு கேட்கணும்," என்று சொல்லி மல்லிகைப்பூவோடு வந்து உட்கார்ந்தவள். மச்சானைச் சின்ன வயசிலிருந்தே மச்சான் என்றுதான் கூப்பிடுவேன். அப்பாவும் அத்தையும், இவர்களுக்குக் கீழே ஒரு தம்பி, என் சித்தப்பா. அவரை நினைக்கக் கூடாது, காலையில் அவரை நினைக்கவே கூடாது. நினைத்தாயிற்று. சித்தப்பாவை ஊரில் ஊமையன் என்பார்கள், வீட்டிலும் அப்படித்தான், திட்டுவதற்காக இல்லை, பெயரே அதுதான் மாதிரி. ஊமையனுக்குச் சோறு வச்சியா, ஊமையன் எங்கே. பருத்தி மூட்டை தூக்குவார். நல்ல பலம். தெருப் பிள்ளைகள் நாங்கள் பின்னாலேயே போய்க் கை தட்டுவோம், அவர் திரும்பமாட்டார், மறுபடி இன்னும் கிட்டே போய்த் தட்டுவோம், தோளுக்குப் பக்கத்தில், காதுக்குப் பக்கத்தில், யார் ரொம்பக் கிட்டே போய்த் தட்டுவது என்று போட்டி. நானும் தட்டியிருக்கிறேன். வாய் பேசாத பிள்ளை என்று எல்லோரும் சொல்கிற நான், அவர் பிடரிக்குப் பின்னால் நின்று இரண்டு கையையும் ஓங்கித் தட்டிவிட்டுச் சிரித்திருக்கிறேன். ஒரு தடவை அவர் நிழலைப் பார்த்துத் திரும்பிவிட்டார். அடிக்கவில்லை. என்னைப் பார்த்துவிட்டு மறுபடி முன்னால் பார்த்து நடந்தார். எனக்குப் பதினொரு வயசிருக்கும்போது பருத்திச் சந்தையில் அவருக்குப் பின்னால் ஒரு லாரி வந்தது. டிரைவர் எல்லோரிடமும் போய்ப் போய்ச் சொன்னான், "நாலு தடவ ஹாரன் அடிச்சேன்யா, நாலு தடவ அடிச்சேன்யா." எண்ணிச் சொன்னான். நான் இன்றைக்கும் எண்ணுவேன். ஒன்று. இரண்டு. மூன்று. முகில் படியிறங்கித் தெருவுக்குப் போகிற வயசு வந்துவிட்டது. கீழே குடோனுக்கு லாரி வராத நாளில்லை, எல்லாம் பின்பக்கமாகத்தான் வரும். தெருவில் பலகை கிடையாது. என் குதிகால் தெருவுக்கு வராது.

தண்ணீர். ரவை இரண்டு டம்ளர், தண்ணீர் ஐந்து டம்ளர். ஒன்று ஊற்றினேன், சட்டி சீறியது, இரண்டு, மூன்று. மூன்றா, இரண்டா. லாரி ஹாரனை எண்ணினேனா, டம்ளரை எண்ணினேனா. சட்டியை எட்டிப் பார்த்தால் தண்ணீரில் கறிவேப்பிலை மிதக்கிறது, அது எவ்வளவென்று சொல்லவில்லை. குறைந்தால் கட்டி தட்டும், கூடினால் கஞ்சி. இருக்கட்டும், இன்னும் இரண்டு. உப்பு. கொதிக்க ஐந்து நிமிஷம் ஆகும். மணி ஏழு ஐந்து. அங்கன்வாடி டீச்சருக்கு எப்படித்தான் தெரிந்ததோ. சத்துமாவு வாங்கப் போனபோது அவள் ஒன்றும் பேசாமல் பிள்ளைக்குப் பின்னால் ஒரு கிலுகிலுப்பையை ஆட்டினாள். அங்கே சிமெண்டுத் தரை. என்னைப் பார்த்தாள். நான் பார்வையைத் தூக்கி மாவு மூட்டைமேல் வைத்துக்கொண்டேன். "உனக்குத் தெரியும்ல கனி," என்றாள். நான் தலையாட்டினேன். முதன்முதலாக ஒரு ஆளிடம் ஒத்துக்கொண்டது அன்றைக்குத்தான், அதுவும் வாயால் இல்லை. டாக்டர் வருகிறார் கூட்டிட்டு வா என்றாள், போகவில்லை. மறுபடி நேற்று வழியில் பிடித்துக்கொண்டாள். "போன தடவையும் நீ வரல. சின்ன வயசுலயே பாத்தா ஏதாச்சும் வழி இருக்கும்மா, நாளாக ஆக அவனுக்குத்தான் கஷ்டம். வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வா, சொந்தத்துல கட்டுனீங்களா, வீட்ல வேற யாருக்கும் இருக்கா, எல்லாம் கேப்பாங்க, நீ நின்னு பதில் சொல்ல மாட்ட, எனக்குத் தெரியும்." எல்லோருக்கும் தெரியும், நான் பதில் சொல்லமாட்டேன் என்று. போன தடவை என்றால் நாலு மாசம். அந்த நாலு மாசத்தை நான் குதிகாலால் தட்டித் தட்டித் தின்றுவிட்டேன். அவன் காலத்தை. என் பயத்துக்கு அவன் காலத்தை எடுத்துக் கொடுத்தேன். சொன்னால் என்ன ஆகும்? மச்சான் கத்துவார், கத்தட்டும். அடிப்பாரா, இதுவரைக்கும் அடித்ததில்லை. அத்தை என் அப்பாவுக்குப் போன் போடுவாள். இரண்டு வீடும் ஒன்றையொன்று குற்றம் சொல்ல முடியாமல், இரண்டும் ஒரே வீடுதானே, கடைசியில் என்னிடம் வந்து நிற்கும். முகில் இனிமேல் முகில் இல்லை. அதுதான். நான் சொன்ன நிமிஷத்திலிருந்து அவனுக்கு வேறு பெயர். சொல்லாத வரைக்கும் அவன் வாய் திறக்காத, கூச்சப்படுகிற, பாம்புக் காது உள்ள பிள்ளை. கல்யாணத்துக்கு முன்னால் நாலு வருஷம் நானும் மில்லில் இருந்தேன், அங்கே யாரும் வாயால் பேசுவதில்லை, இரைச்சலில் கேட்காது, எல்லாம் கைதான். முஷ்டியைச் சுழற்றினால் நூல் அறுந்துவிட்டது, தோளில் இரண்டு விரல் வைத்தால் மேஸ்திரி வருகிறார், உள்ளங்கையைத் தொண்டையில் வைத்தால் தண்ணீர் குடிக்கப் போகலாமா. அங்கே எனக்குக் கூச்சமே இல்லை. அங்கே நான் வாயாடி, கேலி செய்வேன், சண்டை போடுவேன், எல்லாம் கையால். முகிலுக்கும் அதைத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், தண்ணீர் வேண்டுமென்றால் தொண்டையில் கை வைப்பான். மச்சான் பார்த்தால் மில்லுக்காரன் பிள்ளை என்று சிரிப்பார். அதைப் பார்த்துமா தெரியவில்லை அவருக்கு. தெரிய வேண்டாம் என்று இருக்கிறாரோ. தண்ணீர் அடியில் முத்து முத்தாகக் கிளம்பிவிட்டது.

"என்ன புள்ள, ஆச்சா? ஏழு பதினஞ்சு ஆகுது." ஆச்சு என்றேன், அவருக்குக் கேட்டிருக்காது. கொதிக்கிறது, தளதளவென்று. இடது கையால் ரவையைத் தூவிக்கொண்டே வலது கையால் கிண்ட வேண்டும், தூவுகிற கை நிற்கக் கூடாது, கிண்டுகிற கையும் நிற்கக் கூடாது, எது நின்றாலும் கட்டி விழும். இப்போது சொல்ல முடியாது, இரண்டு கையும் வேலையாக இருக்கிறது, வாய் சும்மாதான் இருக்கிறது என்று எனக்கே தெரிந்தும் அப்படி நினைத்துக்கொண்டேன். குமிழி வெடித்துக் கையில் தெறித்தது. மச்சான் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டார், தட்டை முன்னால் வைத்துக்கொண்டு, அங்கிருந்தே, "எலேய் முகிலு, வாடா, அப்பாகூடச் சாப்பிடு," என்றார். முகில் ஜன்னல் பக்கம் நகர்ந்துபோய் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறான், மூடியை நிறுத்தி வைத்து விழுகிறதா என்று பார்க்கிறான். மூன்றாவது பலகை. என் கால் அதன்மேல்தான் இருக்கிறது. குதிகால் தானாக எழும்பிவிட்டது, அதற்கு நான் சொல்ல வேண்டியதே இல்லை, குரல் கேட்டால் எழும்பும். எழும்பின காலை நான் கீழே வைக்கவில்லை. ஏன் என்று கேட்டால் தெரியாது. துணிச்சல் இல்லை அது. சொல்ல முடியாதவள் வேறு என்ன செய்வாள், மறைத்துக்கொண்டிருந்ததை நிறுத்தினேன், அவ்வளவுதான். "எலேய்." கிண்டிக்கொண்டே இருந்தேன். "எலேய் முகிலு!" ஒற்றைக் காலில் நிற்கிறேன், அடுப்பு மேடையில் இடுப்பைச் சாய்த்துக்கொண்டேன். "எலேய், அப்பன் கூப்புடுறேன், திரும்ப மாட்டியா? ராங்கி, ராங்கி! முகிலூ!" கீழே குடோனில் மூட்டை தைக்கிறவன் கூட நிமிர்ந்து பார்த்திருப்பான். மூடி விழுந்தது. பிள்ளை அதை எடுத்து மறுபடி நிறுத்தினான். நான் பின்கழுத்தைப் பார்க்கவில்லை, சட்டியைப் பார்த்தேன், கிண்டுகிற கை எப்போது நின்றதென்று தெரியவில்லை, ரவை மேலே தீவு தீவாக நிற்கிறது. அடுத்த கத்தலுக்கு அவர் மூச்சை இழுக்கிறது எனக்குக் கேட்டது. அதற்குள் மூலையிலிருந்து அத்தை, காம்பு கிள்ளுகிற கையை நிறுத்தாமல், சொன்னாள். "கத்தாதடா வனராசு. அவனுக்குக் கேக்காது."

அடுப்பை அணைத்தேன், அணைக்கும்போதுதான் கால் தரையில் பட்டது என்று நினைக்கிறேன். "என்னம்மா சொல்ற?" என்றார் மச்சான். "காது கேக்காதுடா. உங்க மாமனுக்குக் கேக்கல, இவனுக்கும் கேக்கல. ஒரு வயசுலயே தெரியும் எனக்கு. அவன் தூங்குறப்ப பாத்தேன், தொட்டில் பக்கத்துல தகரத்த அடிச்சுப் பாத்தேன்." வத்தலைக் கீழே வைத்தாள். "இவ காலால தட்டுறதும் தெரியும். பலகை எனக்குந்தான ஆடுது." அத்தை. அத்தை, நீங்களா. எட்டு மாசம் நான் ஒருத்தியே சுமந்துகொண்டு, இவள் மூலையில் உட்கார்ந்து என் ஒவ்வொரு தட்டையும் கேட்டுக்கொண்டு, அவங்கப்பன் மூணு வயசுலதான் பேசினான் என்று வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டு. மச்சான் என்னைப் பார்த்தார். "உனக்கும் தெரியுமா?" தலையாட்டினேன். "எத்தன நாளா?" அதற்குத் தலையாட்ட முடியாது. "எட்டு மாசமா," என்றேன். "சத்தமாச் சொல்லு." "எட்டு மாசமா!" "ஏன்டி சொல்லல? ஏம்மா நீ ஏன் சொல்லல?" அத்தை முந்தானையால் விரலைத் துடைத்துக்கொண்டே இருந்தாள், துடைத்த விரலையே மறுபடி துடைத்தாள். "என்னன்னு சொல்ல? என் அண்ணன் மகதான் வேணும்னு ஒத்தக் கால்ல நின்னு கட்டி வச்சது நானு. நானே வந்து சொல்லவா?" மச்சான் எழுந்தார். எழுந்த வேகத்தில் பலகை ஆடியது, முகில் உடனே திரும்பி அப்பாவைப் பார்த்துச் சிரித்தான். "இதோ பாரு, பாக்கறான்ல! கிறுக்குச் சிறுக்கிகளா, ரெண்டு பேரும் சேந்து எம் பிள்ளைய..." நான் கீழே பார்த்தேன். அவரும் கீழே பார்த்தார், தன் காலை, காலுக்குக் கீழே பலகையை. பிள்ளை மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பி மூடியை எடுத்துக்கொண்டான்.

அதற்கப்புறம் அவர் செய்ததை இந்த மனுஷன் செய்வார் என்று நான் நினைத்ததில்லை. செருப்பில்லாத காலை மெல்ல மெல்ல, சுவரோரப் பலகையாகப் பார்த்து, விரல் நுனியில் ஊன்றி, திருடன் மாதிரி நடந்தார். பிள்ளைக்குப் பின்னால் போய்க் குத்தவைத்து உட்கார்ந்தார். கை தட்டவில்லை. தட்டிவிடுவாரோ என்று நான் முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தேன். தட்டவில்லை. குனிந்து, பிடரிக்கு அருகில் வாயை வைத்து, முகிலு என்றார். மெதுவாக. ஐந்து வருஷத்தில் அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை, அவரிடம் அப்படி ஒரு குரல் இருப்பதே எனக்குத் தெரியாது. முகிலு. அப்பாதான்டா. அப்பா வந்துருக்கேன்டா. இங்க பாருடா தங்கம். சட்டியிலிருந்து ஆவி ஏறிக்கொண்டிருந்தது, அத்தை முகத்தைச் சுவர்ப் பக்கம் வைத்துக்கொண்டாள். இன்னும் குனிந்தார், மூக்கு அவன் முடியில் பட்டுவிடும் போல, முகிலு, என் ராசா, என்றார். முகில் சட்டென்று திரும்பினான். தோளைக் கூச்சமாகக் குறுக்கிக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்பாக, எச்சில் ஒழுகச் சிரித்துக்கொண்டு அப்பாவின் மூக்கைப் பிடித்தான். "ஏ கனி!" என்று கத்தினார் மச்சான். "கேக்குதுடி! மெதுவாச் சொன்னா கேக்குதுடி! நாமதான் கத்திக் கத்திப் பிள்ளையப் பயங்காட்டி வச்சிருக்கோம். அம்மா, பாத்தியா, கேக்குது!" அவர் கண் இரண்டும் நனைந்து பளபளவென்று இருந்தது, பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார், மணியைப் பார்த்தார், "தட்டுல போடு புள்ள, நேரமாச்சு, போய்ட்டு வந்து பேசிக்கலாம்," என்றார். அத்தை என்னைப் பார்த்தாள். விட்டுவிடு என்கிற பார்வை அது, இல்லை, நீயே பார்த்துக்கொள் என்கிற பார்வை, எனக்குப் புரியவில்லை. விட்டுவிடலாம். இரண்டு கரண்டி உப்புமாவை அள்ளித் தட்டில் வைத்தால் போதும், அவர் தின்றுவிட்டுச் சிரித்துக்கொண்டே போவார், ஏழரை ஆகிவிடும், பத்து ஆகிவிடும், பன்னிரண்டு ஆகிவிடும். இன்னும் எத்தனையோ நாள் அவர் பிடரியில் மூச்சு விட்டுக் கூப்பிடுவார், அவன் திரும்பிச் சிரிப்பான், வீட்டில் எல்லோரும் சந்தோஷமாக இருப்போம். நான் கரண்டியைச் சட்டியிலேயே விட்டுவிட்டு முன்னறைக்கு நடந்தேன். அவர் முன்னால் போய் நின்றேன், நிமிர்ந்து, அவருக்குக் கேட்கிற அளவுக்குச் சத்தமாகப் பேசினேன்.

"மூச்சு பட்டுச்சு மச்சான். உங்க மூச்சு கழுத்துல பட்டுச்சு, அதான் திரும்புனான். பத்து மணிக்குப் பள்ளிக்கூடத்துல டாக்டர் வர்றாரு. இன்னைக்கு நீங்க வேலைக்குப் போக வேண்டாம்."